நின்று நின்று போங்கள்: கோபியிலிருந்து நியூசிலாந்துக்கு முதல் வாரம்

2018 மே மாதம், பள்ளி விடுமுறையில், நானும் எங்க வீட்டுக்காரரும் சிட்னிக்குப் போனோம். கோவையில் ஏறி, சென்னையில் மாறி, மலேசியாவில் மாறி, ஒரே மூச்சில் போய் இறங்கினோம். ஏற்பாடு செய்து கொடுத்தவர்கள் மறுநாள் காலை 7 மணிக்கே புளூ மவுண்டன்ஸ் மலைக்குப் பஸ் போட்டிருந்தார்கள். சிட்னியில் காலை 7 மணி என்றால் எங்கள் ஊர் கோபியில், அதாவது கோபிசெட்டிபாளையத்தில், பின்னிரவு இரண்டரை. கட்டூம்பாவில் 'மூன்று சகோதரிகள்' என்ற பாறைகளுக்கு எதிரே பஸ் நின்றது. உலகமே வந்து பார்க்கிற இடம். இவர் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பினேன். கண்ணைத் திறந்து, "நீ பாத்துட்டு வா அம்மணி" என்று சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். அன்று இரவு மூன்று மணிக்கு இரண்டு பேரும் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இருபத்தைந்து வருஷம் சேர்ந்து வாழ்ந்த பின் ஆசையாகச் சேர்ந்து போன முதல் வெளிநாட்டுப் பயணம். அதன் முதல் நான்கு நாள் எங்களுக்கு நினைவிலேயே இல்லை.

அதனால் 2024 நவம்பரில் நியூசிலாந்துக்குப் போக முடிவானபோது, எந்த இடத்தைப் பார்ப்பது என்று தேடுவதற்கு முன்னால் முதல் ஏழு நாளை எப்படி வைப்பது என்றுதான் யோசித்தேன். எங்கள் ஊரில் தடப்பள்ளி வாய்க்கால் பாயும் வயலில் நாற்று நட்டால் முதல் சில நாள் அது வாடி மஞ்சளித்துத்தான் நிற்கும். வேர் பிடித்துப் பச்சை கட்டும் வரை யாரும் மேலுரம் போட மாட்டார்கள். உடம்பும் அப்படித்தான். ஊர் மாற்றி நட்டால் வேர் பிடிக்க நாள் கொடுக்க வேண்டும். பார்க்கிறது, சுற்றுகிறது எல்லாம் மேலுரம்.

வழியை எப்படிப் பிரிப்பது

கோவையிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானம் இருக்கிறது. ஏறத்தாழ நாலரை மணி நேரம். அங்கிருந்து மெல்போர்ன் ஏழரை மணி நேரம். மெல்போர்னிலிருந்து நியூசிலாந்தின் தென்தீவில் இருக்கும் கிறைஸ்ட்சர்ச் மூன்றரை மணி நேரம். சிங்கப்பூரில் இரண்டு இரவு, மெல்போர்னில் இரண்டு இரவு, அப்புறம் கிறைஸ்ட்சர்ச்சில் இரண்டு இரவு என்று வைத்தோம்.

இதில் கடிகாரக் கணக்கைப் பாருங்கள். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். நவம்பரில் மெல்போர்ன் ஐந்தரை மணி நேரம் முன்னால், கிறைஸ்ட்சர்ச் ஏழரை மணி நேரம் முன்னால். அதாவது இரண்டரை, மூன்று, இரண்டு என்று படிப்படியாக ஏறுகிறோம். ஒரே தாவலில் ஏழரை மணி நேரம் தாண்டினால், ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஏறக்குறைய ஒரு நாள் வீதம் உடம்பு கடன் கேட்கும். ஒரு வாரம் அதிலேயே போய்விடும்.

இன்னொரு விஷயம் இருக்கிறது. இதைப் படித்துப் புரிந்துகொண்ட பிறகுதான் எனக்குத் தெளிவு வந்தது. நம் உடம்புக் கடிகாரத்தைத் திருப்பி வைப்பது வெளிச்சம். நாம் வழக்கமாக எழுகிற நேரத்தை ஒட்டி வெளிச்சம் பட்டால் கடிகாரம் முன்னால் நகரும். உடம்பு நடுராத்திரி என்று நினைத்திருக்கும்போது பட்டால் பின்னால் போகும். கிழக்கே போகிறவர்களுக்குக் கடிகாரம் முன்னால் நகர வேண்டும். சிங்கப்பூரில் காலை 7 மணி என்றால் கோபியில் நாலரை. தோட்டத்துக்காரர்களுக்கு அது ஏறக்குறைய எழுகிற நேரம். அந்த வெயில் நமக்கு உதவும். நேராகக் கிறைஸ்ட்சர்ச்சில் இறங்கி அங்கே காலை 7 மணி வெயிலில் நின்றால், கோபியில் இரவு பதினொன்றரை. அந்த வெயில் கடிகாரத்தைத் தப்பான பக்கம் இழுக்கும். சிட்னியில் எங்களுக்கு ஆனதும் கிட்டத்தட்ட இதுதான். நின்று நின்று போவது சோம்பல் இல்லை, அதுதான் சரியான வழி.

கிளம்புவதற்கு நாலு நாள் முன்பிருந்தே தினமும் அரைமணி நேரம் முன்னதாகப் படுத்து, அரைமணி நேரம் முன்னதாக எழுந்து பழகுங்கள். எங்கள் வீட்டில் நாலரைக்குப் பால் கறக்க எழுகிற பழக்கம் இருந்ததால் சுலபமாகிவிட்டது.

டிக்கெட்டும் விசாவும்

மூன்று துண்டாக டிக்கெட் எடுத்தால் ஒவ்வொரு துண்டுக்கும் பை எடைக் கணக்கு வேறு. குறைந்த கட்டண விமானத்தில் சாப்பாட்டுக்கும் பைக்கும் தனியாகப் பணம். மூன்றிலும் குறைவாக எவ்வளவு அனுமதி என்று பார்த்து, அந்த அளவுக்கே பையை வையுங்கள். கொக்கி மாட்டித் தூக்கிப் பார்க்கும் சின்னத் தராசு ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. நள்ளிரவு தாண்டிய 12.30 மணி விமானத்தில் தேதியைக் கவனியுங்கள். சனிக்கிழமை 12.30 என்றால் வெள்ளிக்கிழமை இரவே பீளமேடு விமான நிலையத்தில் இருக்க வேண்டும். கோபியிலிருந்து நம்பியூர், அவிநாசி வழியாகப் போனால் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். அவிநாசி சாலையில் சாயங்காலம் என்றால் இன்னும் அரைமணி கூட்டிக்கொள்ளுங்கள்.

ஆஸ்திரேலியாவில் விமானம் மாறுவதற்கு மட்டும் இறங்கினாலும் இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டும். வெளியே போய்த் தங்குகிறவர்கள் சுற்றுலா விசாவே எடுத்துவிடுங்கள். சிங்கப்பூரில், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற சில நாடுகளின் செல்லுபடியாகும் விசா கையில் இருந்து, வேறு நாட்டுக்குப் போகும் வழியில் இறங்கினால், 96 மணி நேரம் வரை விசா இல்லாமல் தங்க ஒரு சலுகை உண்டு. ஆனால் அதைக் கொடுப்பது அங்கே உட்கார்ந்திருக்கும் அதிகாரியின் முடிவு. முதல் தங்கலிலேயே மனக்கலக்கம் வேண்டாம் என்று நாங்கள் முகவர் மூலம் விசாவே எடுத்துக்கொண்டோம். அதில் எனக்கு வருத்தமே இல்லை.

சிங்கப்பூருக்கு இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். நியூசிலாந்துக்கும் இதுபோல ஒரு பயணி அறிவிப்பு உண்டு. இரண்டும் இலவசம். பணம் கேட்கும் தளம் வந்தால் அது அரசுத் தளம் இல்லை, உடனே மூடிவிடுங்கள்.

மண்ணும் பூவும் எலுமிச்சையும்

நம் பக்கத்து ஆட்கள் அதிகம் கவனிக்க வேண்டியது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் வெளியிலிருந்து பூச்சியோ விதையோ நோயோ வந்துவிடக் கூடாது என்று மிகக் கண்டிப்பாக இருக்கிற நாடுகள். விவசாயத்தையும் கால்நடையையும் நம்பி வாழ்கிறவர்கள். அந்தப் பயம் நமக்குப் புரியாதா என்ன? படிவத்தில், சமீபத்தில் தோட்டத்தில் இருந்தீர்களா, கால்நடையைத் தொட்டீர்களா என்று கேள்வி வரும். நமக்கு ஆமாம்தான். ஆமாம் என்றே குறியுங்கள். ஒளிக்க வேண்டாம். ஆமாம் என்றால் உள்ளே விட மாட்டார்கள் என்று யாராவது சொல்வார்கள், அதைக் கேட்காதீர்கள். சொல்லாமல் கொண்டுபோனால்தான் வம்பு. நியூசிலாந்தில் அந்த இடத்திலேயே 400 டாலர் அபராதம்.

இவர் மஞ்சள் காட்டுக்குப் போட்டுப்போகும் ஷூவையே பயணத்துக்கும் போடுவேன் என்றார். காலுக்குப் பழகின ஷூ, புதுசு கடிக்கும். சரி என்று கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வாசலில் உட்கார்ந்து கழுவினேன். மேலே கழுவினால் போதாது. அடிப்பாகத்தின் ஒவ்வொரு பள்ளத்திலும் செம்மண் கல்லாக இறுகி இருந்தது. சுடுதண்ணீரில் ஊறவைத்து, ஊக்கு முனையால் ஒவ்வொன்றாக நோண்டி, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். ஒரு பள்ளத்திலிருந்து நெருஞ்சி முள் ஒன்று முழுசாக வந்தது. அது ஒரு விதை. அங்கே போய் விழுந்திருந்தால்? இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்து, பையின் மேல்பக்கமே வைத்தேன், கேட்டால் உடனே எடுத்துக் காட்டுவதற்கு. கிறைஸ்ட்சர்ச் விமான நிலையத்தில் சோதனை செய்த அம்மா ஷூவைக் கையில் வாங்கித் திருப்பி அடிப்பாகத்தை வெளிச்சத்தில் பார்த்தார். எத்தனை மாடு என்று கேட்டார். இரண்டு என்றோம். சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டார்.

வீட்டில் அரைத்த பொடி, ஊறுகாய், தேன், விதை, காய், பழம் எதுவும் வேண்டாம். நியூசிலாந்துக்குத் தேன் கொண்டுபோகவே கூடாது. எங்கள் காட்டு மஞ்சள் கிழங்கில் நான்கு எடுத்து மங்கலத்துக்காகப் பையில் வைக்க இவர் ஆசைப்பட்டார். வேண்டாம் என்று சாமி அறையிலேயே வைத்துவிட்டு வந்தோம். கொப்பரைத் தேங்காயை நம் ஊர் விமான நிலையத்திலேயே பையில் விட மாட்டார்கள், எண்ணெய் இருப்பதால் தீப்பிடிக்கும் பொருள் என்று கணக்கு. பருப்பும் அரிசியும் அங்கே இந்தியக் கடைகளில் கிடைக்கும். முத்திரை பிரிக்காத கடைப் பாக்கெட் ஏதாவது கொண்டுபோனாலும் படிவத்தில் எழுதிவிடுங்கள்.

பெண்களுக்கு ஒன்று. தலையில் சத்தியமங்கலம் மல்லி வைத்துக்கொண்டுதான் கிளம்புவோம். சிங்கப்பூர் வரை அது இருக்கட்டும், அங்கிருந்து கிளம்பும்போது ஒரு இதழ்கூடக் கூந்தலில் இருக்கக் கூடாது. கைப்பையையும் கவிழ்த்துப் பாருங்கள். கிளம்பும் முன் பாரியூர் கொண்டத்துக் காளியம்மன் கோயிலில் கொடுத்த எலுமிச்சம்பழம் என் கைப்பையின் ஓரத்தில் இருந்தது, நான் மறந்தே போனேன். சிங்கப்பூர் அறையில் கவிழ்த்தபோது உருண்டு வந்தது. குப்பையில் போட மனசு வரவில்லை. மறுநாள் காலை சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு அம்மனிடமிருந்து இன்னொரு அம்மனுக்கு.

பையில் என்ன

இரண்டு பேர் துணியையும் இரண்டு பையிலும் பாதிப்பாதி கலந்து வையுங்கள். ஒரு பை வராமல் போனாலும் இரண்டு பேருக்கும் மாற்றுத்துணி இருக்கும். மாத்திரை முழுவதும் கைப்பையில், அட்டையோடு, மருத்துவர் சீட்டோடு இருக்கட்டும். சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள் நேரம் மாறும்போது எப்போது போடுவது என்று கிளம்பும் முன்பே மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பவர் பேங்க் கைப்பையில் மட்டும்தான். சிங்கப்பூர் சுவரில் மூன்று தட்டைக் கம்பி பிளக், ஆஸ்திரேலியா நியூசிலாந்தில் சாய்ந்த கம்பி பிளக். இரண்டு விதம் வேண்டும். ஆளுக்கொரு ஸ்வெட்டர் கையிலேயே வேண்டும், மெல்போர்னில் ஒரே நாளில் வெயிலும் குளிரும் மழையும் வரும்.

சிங்கப்பூர்: முதல் இரண்டு நாள்

இரவு விமானத்தில் கிளம்பினால் விடியற்காலையில் இறங்குவீர்கள். விடுதி அறையோ மதியம் இரண்டு, மூன்று மணிக்குத்தான் கிடைக்கும். இந்த எட்டு மணி நேரத்தில்தான் நிறையப் பேர் நொந்துபோகிறார்கள். இரண்டு வழி உண்டு. முந்தைய இரவுக்கும் சேர்த்தே அறைக்குப் பணம் கட்டிவிடுவது ஒன்று. அறுபதைத் தொட்டவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன், அந்தக் காசு வீண் இல்லை. இல்லையென்றால் பையை விடுதியில் கொடுத்துவிட்டு வெளியே போய்விடுவது.

நாங்கள் லிட்டில் இந்தியாவில் தங்கினோம். பை வைத்துவிட்டு, குளித்து, 1947லிருந்து இருக்கும் கோமள விலாஸில் இட்லி சாப்பிட்டோம். அப்புறம் லிட்டில் இந்தியா நிலையத்திலிருந்து ரயிலில் மூன்றாவது நிறுத்தம் பொட்டானிக் கார்டன்ஸ். ரயில் மாற வேண்டாம். நுழைவுக் கட்டணம் இல்லை, காலை 5 மணிக்கே திறந்திருக்கும். 2015ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த தோட்டம். மலேயாவில் ரப்பர் விவசாயம் பரவியதற்கு இங்கே நடந்த ஆராய்ச்சிதான் காரணம் என்று நான் சொன்னதும், இவர் ஒவ்வொரு மரத்தின் பட்டையையும் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். நாம் அங்கே போவதன் நோக்கம் காலை வெயில். கறுப்புக் கண்ணாடி போடாமல் ஒரு மணி நேரம் திறந்த வெளியில் நடங்கள்.

மதியம் அறை கிடைத்ததும் அரைமணி நேரம் படுக்கலாம். அலாரம் வைத்துவிட்டு. மூன்று மணிக்கு மேல் தூங்கினால் இரவு போச்சு. காப்பி மதியத்தோடு நிறுத்தம். இரவு அங்கத்திய ஒன்பதரைக்குப் படுத்துவிடுங்கள். தூக்கம் வராவிட்டாலும் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்திருங்கள், கைபேசி வேண்டாம்.

இரண்டாம் நாள் ஒரே ஒரு இடம் போதும். கோயில், கொஞ்சம் கடைத்தெரு, சாயங்காலம் சாங்கி விமான நிலையத்தின் ஜுவல் கட்டடத்தில் 40 மீட்டர் உயர உள்ளரங்க அருவி. யுனிவர்சல், சென்டோசா எல்லாம் இன்னொரு பயணத்துக்கு இருக்கட்டும்.

மெல்போர்ன்

சிங்கப்பூரிலிருந்து பகல் விமானம் கிடைத்தால் அதையே எடுங்கள். காலையில் ஏறினால் இரவு இறங்கி நேராகப் படுக்கைக்குப் போகலாம். இரவு விமானத்தில் உட்கார்ந்துகொண்டே தூங்கி ஒரு நாள் மிச்சம் பிடிக்கிறோம் என்பது ஏமாற்றுக் கணக்கு, மறுநாள் அந்த மிச்சம் போய்விடும். விமானத்துக்குள் காற்று மிகவும் வறண்டது, தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள். மணிக்கொரு தடவை எழுந்து நடங்கள், உட்கார்ந்த இடத்திலும் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் இருந்தால் காலில் ரத்தம் கட்டும் ஆபத்து கூடுகிறது. ஓர இருக்கை ஒன்றாவது இருவரில் ஒருவருக்கு வேண்டும்.

மெல்போர்ன் நகர நடுவில் டிராமுக்குக் காசு இல்லை. ஏறுவது, இறங்குவது, யாரா ஆற்றங்கரையில் நடப்பது, இதுதான் எங்கள் வேலை. குவீன் விக்டோரியா சந்தைக்குப் போவதானால் திங்களும் புதனும் விடுமுறை. அங்கே வாங்கும் பழத்தை மெல்போர்னிலேயே தின்று தீர்த்துவிடுங்கள், நியூசிலாந்துக்குப் போகாது. சமையல் வசதியுள்ள அறை எடுத்ததால் இரண்டாம் நாள் இரவு அரிசிம்பருப்பு சோறு ஆக்கினேன். துவரம்பருப்பு, சின்ன வெங்காயம் எல்லாம் கிடைத்தது. அன்றுதான் இவர் முதல்முறையாக விடிகிற வரை தூங்கினார்.

கிறைஸ்ட்சர்ச்

இங்கே நவம்பரில் இரவு எட்டரைக்கும் வெளிச்சம் இருக்கும். "ஏனுங்க, இன்னும் பொழுது சாயலைங்களே" என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். வெளிச்சத்தைப் பார்த்துச் சாப்பிடக் காத்திருந்தால் பத்து மணி ஆகிவிடும். கடிகாரம் பார்த்து ஏழு மணிக்குச் சாப்பிட்டுவிடுங்கள். திரையை இழுத்து மூடிவிட்டுப் படுங்கள். பகலில் குளிர்கிறதே என்று வெயிலை நம்பாதீர்கள், நம் பக்கத்து வெயிலில் வளர்ந்த தோலும் அங்கே கறுத்துத் தடித்துப் போகும். சன்ஸ்கிரீனும் தொப்பியும் கட்டாயம். முதல் நாள் ஹாக்லி பூங்காவிலும் ஏவன் ஆற்றோரத்திலும் நடந்தால் போதும். வீட்டுக்குப் பேச இரவு ஒன்பது மணி நல்ல நேரம், கோபியில் மதியம் ஒன்றரை, மாமியார் சாப்பிட்டு உட்கார்ந்திருப்பார்.

வாடகைக் கார் எடுப்பதாக இருந்தால் இறங்கிய நாளில் கண்டிப்பாக ஓட்ட வேண்டாம். அங்கேயும் நம் மாதிரி இடதுபக்கம்தான், ஆங்கிலத்தில் அச்சான நம் உரிமம் செல்லும். சாலை காலியாக, நேராக இருக்கும், அதுதான் கண்ணைச் சொக்க வைக்கிறது. இரண்டு நாள் தூங்கி எழுந்த பிறகு மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு, சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். டெகாப்போ ஏரிக்கு மூன்று மணி நேர ஓட்டம். பாதியில் ஜெரால்டைன் என்ற சின்ன ஊரில் வண்டியை நிறுத்தி அரைமணி நேரம் நடந்துவிட்டுத் தொடருங்கள்.

நாங்களும் அப்படித்தான் போனோம். பனியாறுகள் அரைத்த பாறைமாவு கலந்திருப்பதால் அந்தத் தண்ணீர் பால் கலந்த நீலமாக இருக்கும். கரை முழுக்க ஊதாவும் ரோஜாவுமாக லூப்பின் பூ. நான் வண்டியிலிருந்து இறங்குவதற்குள் இவர் கரை வரை போய்விட்டார். குனிந்து தண்ணீரில் கையை வைத்துவிட்டு, திரும்பி என்னைக் கூப்பிட்டார். "அம்மணி, சீக்கிரம் வா."